அண்ணன் பெயரும் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயரும்

எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. ஊர் ஊராக வரும் சரக்கைப் பெட்டிக்குள் அடுக்கி, சீல் வைத்து, டிரெய்லரில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புகிற இடம். எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்குப் போகிறது, எந்த வண்டி, யார் டிரைவர் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட் பாஸ் எடுத்துக் கொடுப்பது நான். என் அண்ணன் டிரெய்லர் ஓட்டினான். அவனுக்கும் பெரும்பாலும் எங்கள் யார்டு லோடுதான் கிடைக்கும். வீட்டில் என்னை "இன்னாடி" என்று கூப்பிடுகிறவன், யார்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றால் "மேடம், பாஸு ரெடியா?" என்பான். கூட நிற்கும் டிரைவர்கள் சிரிப்பார்கள். நானும் முகத்தை மாற்றாமல், "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க சார்" என்பேன்.

யார்டிலிருந்து துறைமுக கேட் ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் ஒன்றின் பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். சில சமயம் அரை நாள், சில சமயம் ஒரு நாள் முழுக்க. முன்னால் ஒரு வண்டி உள்ளே போனால் பின்னால் இருக்கிற அத்தனை வண்டியும் ஒரு வண்டி நீளம் நகரும். டிரைவர்கள் அதற்குள்ளேயே சாப்பிட்டு, அதற்குள்ளேயே தூங்கி, கடல் பக்கம் கல்மேல் இறங்கி முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். தூங்கினாலும் ஒரு காது திறந்தே இருக்க வேண்டும். முன்னால் இருப்பவன் நகர்ந்து நீ நகராவிட்டால், அந்த இடைவெளியில் பக்கத்திலிருந்து எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் பின்னால் இருக்கிறவன் விடமாட்டான். ஆரன் அடித்தே எழுப்பிவிடுவான்.

ஒரு கோடை மதியம் வரிசை நகர்ந்தது. என் அண்ணன் வண்டி நகரவில்லை.

அவனுடைய போனில் கடைசியாகப் பேசிய நம்பர் என்னுடையது. 'மேடம்' என்று பதிந்து வைத்திருந்தான். பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் அந்த நம்பரைக் கூப்பிட்டார். என்னை யாரோ ஆபீஸ்காரி என்று நினைத்துத்தான் பேசினார்.

"மேடம், உங்க யார்டு வண்டி ஒன்னு நடு ரோட்டுல நிக்கிது மேடம். டிரைவரு பூட்டாரு."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். பூட்டாரு," என்றார்.

பக்கத்து நாற்காலியில் உட்காரும் தோழி ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவள் வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வரிசையாக நின்ற டிரெய்லர்களின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெட்டி நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனேன். அதுதான் என் வேலை, கண் தானாகப் படித்தது.

அவன் ஸ்டியரிங்கில் ஒரு கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. வெயிலுக்குத் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டிருந்தான், துண்டு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. எனக்குப் போன் செய்த டிரைவர் கீழே நின்று அழுதுகொண்டிருந்தார். வயதான மனிதர்.

"ஆரன் அடிச்சேம்மா," என்றார். இப்போது நான் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "எல்லாரும் அடிச்சோம். கெட்ட கெட்ட வார்த்தைல திட்டுனேம்மா. அப்பாலதான் எறங்கி வந்து பாத்தேன்."

"பரவால்லண்ணே," என்றேன்.

ஆம்புலன்ஸ் வரிசைக்குப் பின்னால் எங்கேயோ மாட்டிக்கொண்டு சைரனை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் போன் அடித்தது. எங்கள் ஆபீஸ் சூப்பர்வைசர். அவருக்கு விஷயம் தெரியாது. சாயந்திரம் கட் ஆஃப், அதாவது அதற்குப் பிறகு கப்பல் பெட்டி எடுக்காது. ஒரு பெட்டி இன்னும் உள்ளே போகவில்லை, எங்கே நிற்கிறது பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பெட்டி நம்பர் என் கண் முன்னாலேயே இருந்தது. நம்பரைப் படித்துச் சொன்னேன், நிற்கிற இடத்தையும் சொன்னேன். "டிரைவர் மாத்தணும் சார்," என்றேன். சரி என்று வைத்துவிட்டார். பிறகு அவர் ஒரு வருஷம் வரைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் போனுக்காக வருத்தப்பட்டார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை. அவனைக் கீழே இறக்கிய பிறகு வேறொரு டிரைவர் ஏறி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பெட்டி கப்பலைப் பிடித்துவிட்டது.

இதயம் என்றார்கள். வலி வந்து சத்தம் போடக்கூட நேரம் இருந்திருக்காது என்றார் டாக்டர். அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

*

அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. திருவொற்றியூரில் ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நானும் அம்மாவும். அம்மா அண்ணனுக்கு முன்பே இறந்துவிட்டாள், அதன் பிறகு கீழே நான் மட்டும்தான். அண்ணி முதல் சில நாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஒருநாள் காலையில் எழுந்து மாடியைக் கழுவிவிட்டாள். அதன் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. நான் முதலிலிருந்தே அழவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். கேட் பாஸ் அடித்தேன். டிரைவர்கள் ஜன்னலில் வந்து நிற்கும்போது குரலைத் தணித்துப் பேசினார்கள். துக்க வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்தபோது, "பொண்ணு கல்லு மாரி கீது," என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. கல் மாதிரிகூட இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய் நம்முடையதா இன்னொருவருடையதா என்று தெரியாமல் இருக்குமே, அப்படி.

அந்த மாதங்களில் பஸ்ஸில் போகும்போது போனில் வரி வரியாக ஏதோ எழுத ஆரம்பித்தேன். எதற்கென்று எழுதவில்லை. அன்றைக்குப் பார்த்ததை அப்படியே எழுதினேன்.

வரிசை நகர்ந்தது.
அவன் நகரவில்லை.
துண்டு ஈரமாக இருந்தது.
பெட்டிக்குள் இருந்தது தோல் செருப்பு,
போகிற ஊரில் குளிர்காலம்.

இப்படிச் சின்னச் சின்னதாக. தோழி ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் போனை வாங்கிப் படித்தாள். அவள் தெற்கத்திக்காரி. தண்டையார்பேட்டையில் அவள் அப்பா மளிகை மொத்தக்கடை வைத்திருந்தார். கவிதைப் பத்திரிகை எல்லாம் வாங்கிப் படிப்பவள். படித்துவிட்டுச் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"இது கவிதை, தெரியுமாடி உனக்கு?"

"தெரியாது."

"நான் அனுப்பவா?"

"அனுப்பு," என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும். அது இல்லை.

ராயபுரத்தில் ஒரு கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதைக் கூட்டம் நடக்கும். அங்கே வருகிற ஒருவர் சின்னப் பத்திரிகை நடத்தினார். அவர் என் வரிகளை அச்சில் போட்டார். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசுவார், நீ வந்தே ஆக வேண்டும் என்றாள் தோழி. வீட்டில் சொன்னதும் அண்ணி, "நானும் வரேன் பாப்பா," என்றாள். "அவரப் பத்தி பேசறாங்கன்ற. நான் இல்லாம எப்படி?"

நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரே ஒரு ஃபேன். காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டு வாடை வந்துகொண்டிருந்தது. பேராசிரியர் ஒல்லியான, மரியாதையான மனிதர். என் பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வந்திருந்தார். அவ்வளவு கவனமாக நான் எழுதியதை யாரும் படித்ததில்லை என்று அப்போதே தெரிந்தது.

"இந்தக் கவிதைகள்ல கண்ணீரே இல்ல, கவனிச்சீங்களா?" என்று ஆரம்பித்தார். பிறகு ஒரு பிரெஞ்சுக் கவிஞரின் பெயரைச் சொன்னார். நகரத்தின் அழுக்கையும் நோயையும் பிணத்தையும் முகத்தைத் திருப்பாமல், அழாமல், கொஞ்சம் விலகி நின்று பார்க்கிற ஒரு பார்வை இருக்கிறது. அந்தப் பார்வைக்கே உலக இலக்கியத்தில் அந்தக் கவிஞரின் பெயர்தான் பெயர் என்றார். அந்தப் பெயரோடு 'தன்மை' என்று சேர்த்துச் சொன்னார். சில இடத்தில் 'தனம்' என்று சேர்த்தார். சில இடத்தில் பெயரை மட்டுமே சொன்னார், "இந்த வரி முழுக்க முழுக்க அவர்தான்" என்று. துண்டு ஈரமாக இருந்தது என்கிற வரிக்கு அப்படிச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார்.

அண்ணி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, சர்ச்சில் உட்காருகிற மாதிரி நேராக உட்கார்ந்து கேட்டாள். அண்ணன் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் எழுதியதில் அவன் பெயர் எங்கேயும் கிடையாது. பேச்சிலும் வரவில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் என் காதருகே கேட்டாள்: "யாரு பாப்பா அந்த ஆளு? பேர சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுகினே இருந்தாரே."

"அது ஒரு கவிஞர் அண்ணி. பிரான்ஸ் நாட்டுக்காரர்."

"உயிரோட கீறாரா?"

"இல்ல. ரொம்பக் காலத்துக்கு முன்னாடியே செத்துட்டார். குதிரைவண்டிக் காலம்."

டோல்கேட் தாண்டியதும், "அவரு பொண்டாட்டி இன்னா ஆனா?" என்றாள்.



*

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அன்றைக்கு எதுவும் என்னைப் பிடிக்கிற நிலையில் நான் இல்லை, ஆனாலும் அது எங்கேயோ ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைப் போட்டுப் போனில் தேடினேன். பக்கம் பக்கமாக வந்தது. முக்கால்வாசி அந்தத் தன்மையைப் பற்றித்தான். யார் யாரிடம் அந்தத் தன்மை இருந்தது, யாரிடம் இல்லாமல் போனது, எந்த நாட்டில் எப்போது வந்தது. ஆளைத் தேடினால் ஆள் அதற்குள் எங்கேயோ அமுங்கிக் கிடந்தார். ஒரு வீடியோவில் ஒரு பிரெஞ்சுப் பெண் அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டினாள். நாங்கள் ராயபுரத்து மாடியில் அழுத்தி உச்சரித்த எழுத்தை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். நாங்கள் சொன்னது வேறு யாரோ ஒருவருடைய பெயர் மாதிரி இருந்தது.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். சந்தோஷமாகப் பேசினார்.

"சார், அவரோட குடும்பம் என்ன ஆச்சுன்னு தெரியுமா? அவர் செத்தப்புறம்?"

"குடும்பமா?" சிரித்தார், கேலியாக இல்லை. "அது நமக்குத் தேவையில்லம்மா. நாம அந்தப் பேரைச் சொல்லும்போது அந்த மனுஷனைச் சொல்லல. ஒரு பார்வைய, ஒரு குணத்தச் சொல்றோம். பேர் அவரை விட்டுப் பிரிஞ்சு போயிடுச்சு. அவரே வந்து நான் அப்படி இல்லைன்னு சொன்னாகூட இனிமே ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு கேட்டார், "எதுக்கு கேக்கறீங்க?"

"எங்க அண்ணி கேட்டாங்க. அன்னிக்கு வந்திருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரைப் பத்தின கவிதைன்னு வந்தாங்க."

அவர் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அது நடந்ததாம்மா?"

"ஆமா சார். எங்க அண்ணன்."

"நான் கற்பனைன்னு நினைச்சுட்டேன்," என்றார். பிறகு, "அந்தக் கவிஞர் பேர நான் எடுத்துடட்டுமா? கட்டுரையா அச்சுக்குப் போகுது. இன்னும் திருத்தலாம்," என்றார்.

"இருக்கட்டும் சார்," என்றேன்.

அவர் சொன்னது தப்பில்லை. நான் அழாமல், விலகி நின்றுதான் பார்த்தேன். ஆனால் அது ஒரு பார்வை என்று எனக்குத் தெரியாது. என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

அண்ணிக்கு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. டிரெய்லர்கள் நிற்கிற ரோட்டோரமாக ஒரு அம்மா தள்ளுவண்டியில் இட்லியும் வடகறியும் போடுவார். முழங்கால் வலியால் அவரால் நிற்க முடியவில்லை. அண்ணி போய்ச் சேர்ந்துகொண்டாள். அண்ணன் செத்த ரோட்டிலேயே எதற்கு என்று சொந்தத்தில் கேட்டார்கள். "வேற எந்த ரோடு எனக்குத் தெரியும்?" என்றாள்.

வேலைக்குப் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயந்திரம் கீழே இறங்கி வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

"பாப்பா, அங்க உங்க அண்ணன் பேர சொல்றானுங்க."

"யாரு?"

"டிரைவருங்க. எவனாவது வண்டிய நவுத்தாம இருந்தா, 'ஏய், இன்னாடா, அவரா ஆயிட்டியா, எடுறா வண்டிய'ன்றான். பேர பாதியா ஒடச்சிச் சொல்றான். மொதல்ல எனக்குப் புரியல. வேற எவனோன்னு நெனச்சிகினு இருந்தேன். இன்னிக்குதான் புரிஞ்சிச்சு."

துணியை மடித்து மடித்துக் கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"அவனுங்களுக்கு நீங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. இட்லிக்கார அக்கா, அவ்ளோதான்."

சனிக்கிழமை எனக்கு அரை நாள். மதியம் நேராக அந்தத் தள்ளுவண்டிக்குப் போனேன். வரிசை அசையாமல் நின்றது. டிரைவர்கள் வண்டியைச் சுற்றி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நான் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் முன்னால் எங்கேயோ இன்ஜின்கள் உறும ஆரம்பித்தன. வரிசை நகர்கிறது. எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்கள். ஒரு வண்டி மட்டும் நின்றது. அப்போது கேட்டேன். அண்ணனின் பெயர், அதன் முன்பாதி மட்டும், ஒரு ஆள் உதட்டிலிருந்து சத்தமாக வந்தது. அதோடு 'ஆயிட்டியா' என்று சேர்ந்து வந்தது. சிலர் சிரித்தார்கள். நின்ற வண்டிக்காரன் எதிர்ப்பக்கம் ஒதுங்கப் போனவன் போலிருக்கிறது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறினான்.

வண்டிகள் மறுபடி நின்றதும் ஒரு பையன் விட்ட சாப்பாட்டைத் தொடர வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

"தம்பி, இப்ப என்னமோ சொன்னாங்களே, அது என்ன?"

"அதாக்கா? வரிசை நகரும்போது நகராம கெடக்கவன அப்படித்தான் சொல்லுவோம்."

"ஆள் பேரு மாதிரி இருக்கே."

"ஆளாத்தான் இருக்கும். முந்தி இங்க ஒரு டிரைவர் இருந்தாராம். வரிசையில தூங்கிக் கப்பலையே விட்டுட்டாராம். நான் இந்த லைனுக்கு வாறதுக்கு முன்னாடி."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வியாசர்பாடி டிரைவர் ஒருவர் குறுக்கே வந்தார். கொஞ்சம் வயதானவர். "தூக்கமா? எவன் சொன்னான்? ஃபுல்லா ஏத்திகினு மட்டையா கெடந்தான்பா. ஊரே ஆரன் அடிக்குது, ஆளு அசையல."

அண்ணி இட்லிப் பானையின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. மூடியைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

"குடிக்க மாட்டாரு," என்றாள்.

"யாருக்கா?"

"நீ சொல்றியே, அவரு. குடிக்க மாட்டாரு. அன்னிக்குத் தூங்கவும் இல்ல. செத்துட்டாரு. அதான் நவுரல."

வியாசர்பாடிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"எங்க வூட்டுக்காரரு."

அந்தப் பையன் என்னைப் பார்த்தான், நானும் ஏதோ ஒரு விதத்தில் அதில் சேர்ந்தவள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "சாப்டு, ஆறிடும்," என்றாள் அண்ணி அவனிடம். பிறகு மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இட்லித் துணியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் தட்டில் மிச்சமிருந்ததை வாயில் போட்டேன், வடகறியின் காரம் நாக்கில் உறைத்தது. அண்ணன் போனதிலிருந்து என் உடம்பு எனக்குச் சொன்ன முதல் சேதி அது.

மறுநாள் நடந்ததை அண்ணி சொன்னாள். வியாசர்பாடிக்காரர் காலையிலேயே வந்து நின்றாராம். சாப்பிட எதுவும் வாங்கவில்லையாம்.

"தெரியாம பேசிட்டேன்க்கா. மன்ச்சிக்கோ. பசங்க எல்லார்கிட்டயும் சொல்ட்டேன். இனிமே எவனும் அந்தப் பேர எடுக்க மாட்டான்."

அண்ணி யோசித்தாளாம். "உங்க வாயயெல்லாம் நான் வந்து புடிக்கவா முடியும்? சொல்றதுன்னா சொல்லுங்க," என்றாளாம். "ஆனா முழு பேரா சொல்லுங்க. பாதிய முழுங்காதீங்க. அவரு அம்மா வச்சது அது."

இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "தப்பா சொல்லிட்டனா பாப்பா?" என்றாள்.

"இல்ல அண்ணி."

"பேரே எடுக்காம உட்டானுங்கன்னா அப்புறம் அங்க இன்னா கீது," என்றாள்.

அவர்கள் கேட்டார்கள், கேட்கவும் இல்லை. கொஞ்ச நாள் அவள் வண்டியைச் சுற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. பிறகு தானாகத் திரும்பி வந்தது. ஆனால் விஷயம் தெரிந்த டிரைவர்கள் அதை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு வண்டி நகராமல் நின்றால் ஆரன் அடிப்பதற்கு முன்னால், கிளீனரையோ பக்கத்து வண்டிக்காரனையோ பார்த்து, அண்ணன் பெயரைச் சொல்லி, "அதுவான்னு பாத்துட்டு வா" என்பார்கள். போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். முக்கால்வாசி நேரம் உள்ளே இருக்கிறவன் தூங்கிக்கொண்டுதான் இருப்பான், திட்டிக்கொண்டே எழுந்திருப்பான். ஒரு தடவை ஒரு வடநாட்டு டிரைவர் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்ததைப் பார்த்துத் தண்ணீரும் இனிப்பும் கொடுத்து எழுப்பினார்களாம். அண்ணிதான் சர்க்கரை டப்பாவைக் கொடுத்தனுப்பினாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு விதமான பெருமை இருந்தது. எனக்கும் ஏதாவது இருக்க வேண்டும் என்று தேடிப்பார்த்தேன். நல்ல விஷயம் என்று புத்திக்குத் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் கைக்குத் தட்டுப்படவில்லை.

*

பேராசிரியரின் கட்டுரை வெளிவந்தது. பிரெஞ்சுக்காரரின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. அடியில் ஒரு குறிப்பு சேர்த்திருந்தார்: இக்கவிதைகள் உண்மையில் நிகழ்ந்த ஒரு மரணத்திலிருந்து எழுந்தவை என்று. அதைப் படித்துவிட்டு ஒரு ஆராய்ச்சி மாணவி என்னைக் கூப்பிட்டு, உங்களை அந்த மரபில் வைக்கலாமா என்று கேட்டாள். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். புதிதாக எழுதுகிறீர்களா என்றாள். இல்லை என்றேன். உண்மை. அந்தப் பெயரைக் கேட்ட பிறகு பஸ்ஸில் போனை எடுத்தால், எழுதப் போவது நான் பார்த்ததா, அந்தத் தன்மையா என்று எனக்கே சந்தேகமாகிவிடுகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

ராயபுரம் கூட்டத்துக்கு இன்னொரு முறை தோழியோடு போனேன். வேறொரு இளைஞனின் கவிதைகளுக்கு அதே பெயரைச் சொன்னார்கள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவனுக்கு அது யாரென்று தெரிந்திருந்தது, புத்தகங்கள் படித்தவன். டீ இடைவேளையில் என்னிடம் வந்து, "நீங்களும் அவர் வழிதானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நல்ல பையன், கிளாஸை எனக்கு எடுத்துக் கொடுத்தான்.

அண்ணி இப்போது அந்தத் தள்ளுவண்டியைத் தானே நடத்துகிறாள். முழங்கால் வலிக்கார அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ ஆற்றுகிறார். மழைக்காலத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். நான் வேலை விட்டு வரும்போது சில நாள் அங்கே இறங்கி, பாத்திரம் ஏற்ற உதவுவேன். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினால் சட்னிக்குத் தேங்காய், கேஸ் சிலிண்டர், இப்படி.

போன மாதம் ஒருநாள் காலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்திருந்தது. சிக்னலில் பச்சை விழுந்தும் எங்களுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ அசையவில்லை. கண்டக்டர் படிக்கட்டில் இறங்கித் தலையை வெளியே நீட்டி, என் அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்த ரோட்டு டிரைவர்களிடமிருந்து பிடித்திருப்பார். பெயரோடு எதையும் சேர்க்கவில்லை, பெயர் மட்டும்தான். முழுப் பெயர். ஆட்டோ நகர்ந்தது.

என் பக்கத்தில் ஒரு பெண் மடியில் மீன் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழவேற்காட்டுப் பக்கத்துக்காரி போல, இந்த ஏரியாவுக்குப் புதுசு.

"இன்னாம்மா சொன்னாரு அவரு?" என்று கேட்டாள்.

"நகராம நிக்கிறதுக்கு இங்க அப்படிச் சொல்லுவாங்க," என்றேன்.

"ஓகோ," என்றாள். ஒருமுறை அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கூடையைச் சரிசெய்துகொண்டு, விம்கோ நகர் எப்போது வரும் என்று கேட்டாள். தாண்டிவிட்டது என்றேன்.